ஆறு பிள்ளைகள் நாற்பது ஆகும்போது

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. போன வருஷம் ஆறு பிள்ளைகளை வைத்து ரோபோட்டிக்ஸ் அணி ஆரம்பித்தீர்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி ஒன்று செய்து மாவட்டப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கினீர்கள். இந்த ஜூனில் நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அதற்குப் பெரிய ரோபோ கிட் (பாகங்களெல்லாம் அடங்கிய பெட்டி) ஒன்று வாங்கலாமா, எந்தப் போட்டிக்குத் தயாராகலாம், வண்டி இரண்டடி ஓடி நின்று மறுபடி புறப்படுகிறதே ஏன் என்று மூன்று கேள்விகள். இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பழைய ஆறு பேரில் நாலு பேர் இப்போது பத்தாம் வகுப்பு, வீட்டில் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்." நீங்கள் கேட்க வந்த கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி செய்யத் தெரிந்த பிள்ளைகள் போய்விட்டால் அணி என்று எது மிச்சம் இருக்கும்?

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். 2015இலிருந்து மன்னார்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறேன். நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு பள்ளியில் பார்த்தது. மாவட்ட, மண்டலப் போட்டிகள் வரைதான் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதற்கு மேலே உள்ள போட்டிகளைப் பற்றிச் சொல்வதை விதிப்புத்தகம் படித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணியின் இரண்டாம் வருஷத்தில் நான் செய்த தவறைச் சொன்னால் உங்களுக்கு உதவும். எங்களிடமும் ஆரம்பத்தில் ஐந்து பேர்தான். அதில் நாலு பையன்கள் அபாரமாக வந்துவிட்டார்கள். ஒருவன் வயரிங், ஒருவன் கோடிங், ஒருவன் அட்டையிலும் பிளைவுட்டிலும் வண்டிக்கு உடம்பு வெட்டுவான், ஒருவன் போட்டியில் வண்டியைத் தூக்கி வைத்து எடுப்பான். இரண்டாம் வருஷம் இருபது பேர் வந்து நின்றார்கள். போட்டி நெருங்கிவிட்டதே என்று எல்லா வேலையையும் அந்த நாலு பேரிடமே கொடுத்தேன். மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பரிசு வந்தது, படம் எடுத்தோம், தலைமையாசிரியர் அசெம்பிளியில் பாராட்டினார். அடுத்த ஜூனில் நாலு பேரும் பத்தாம் வகுப்பு. ஆய்வக அலமாரியைத் திறந்தால், சம்பா அறுவடை முடிந்து வயலை விட்டு வந்த எலிகள் வயரைக் கடித்துக் கூடு கட்டியிருந்தன. அதைவிடக் கஷ்டம், கம்ப்யூட்டரிலிருந்து வண்டியின் மூளையான போர்டுக்குப் புரோகிராம் ஏற்றத் தெரிந்த பிள்ளை ஒருவர்கூட அறையில் இல்லை. மூன்றாம் வருஷத்தை முதல் வருஷமாக மறுபடி ஆரம்பித்தோம்.

நம் ஊர்ப் பள்ளியில் இது தற்செயலாக நடப்பதில்லை, வருஷா வருஷம் நடக்கும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு. அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளை வீடும் விடாது, பள்ளியும் விடாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆக, கையில் இருப்பது எட்டு, ஒன்பது, அப்புறம் பதினொன்று. ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் ஒரு வருஷத்தில் போய்விடுவார்கள். எட்டில் சேர்த்தால் இரண்டு வருஷம் கிடைக்கும், பதினொன்றில் பாதிப்பேர் திரும்பியும் வருவார்கள். அதனால் நாற்பது பேர் பட்டியலில் எட்டாம் வகுப்பு எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒன்பதாம் வகுப்பாக இருந்தால், கீழ் வகுப்புக்குப் போய் நீங்களே கூப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தை நான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்வேன்.

அடுத்து, நாற்பது பேரையும் வைத்துக்கொள்வதா, தேர்வு வைத்து வடிகட்டுவதா? தயவுசெய்து தேர்வு வைக்காதீர்கள். மதிப்பெண் வாங்கும் பிள்ளை இங்கேயும் முந்தும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை வெளியே நிற்கும். ஆறு சனிக்கிழமைகள் எல்லோருக்கும் கை பழகும் வகுப்பாக நடத்துங்கள். எல்.இ.டி. எரிய வைப்பது, மல்டிமீட்டரில் வோல்ட் பார்ப்பது, வயரின் தோலை உரித்து சால்டர் (ஈயப் பற்று) வைப்பது, மோட்டாரை முன்னும் பின்னும் ஓடவிடுவது, இரண்டு சக்கர வண்டியைச் சதுரமாக ஓட்டுவது, கடைசி வாரம் கோட்டைப் பார்த்து ஓட்டுவது. இந்த ஆறையும் நீங்கள் நடத்த வேண்டாம். உங்களிடம் மிச்சம் இருக்கும் இரண்டு பேரும், பதினொன்றாம் வகுப்பில் ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேரும் நடத்தட்டும். நீங்கள் பின் பெஞ்சில் உட்காருங்கள். பத்தாம் வகுப்பு நாலு பேரின் பெற்றோரிடம், "மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது பெரும்பாலும் சரி என்றார்கள். சொல்லிக்கொடுக்கிறான் என்றால் வீட்டுக்குப் பெருமை. ஆறு வாரத்தில் நாற்பது பேர் இருபத்தைந்து ஆவார்கள் என்பது என் கணிப்பு. யாரையும் அனுப்பிவிட்ட வருத்தம் உங்களுக்கு இருக்காது.

நடத்தும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். ஆரம்பத்தில் பள்ளி விட்டதும் நாலரையிலிருந்து ஆறு வரை வைத்திருந்தோம். பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நானும் மற்ற ஆசிரியர்களும் பேசிக்கொண்டோம். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க ஊருக்கு 4.40 டவுன் பஸ்ஸ விட்டா அப்புறம் ஏழரைக்குத்தான் சார் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை காலைக்கும், வாரத்தில் இரண்டு நாள் மதிய உணவு இடைவேளைக்கும் மாற்றினோம். அந்த வருஷமே அணியில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்.

இப்போது வண்டி விஷயம். இரண்டடி ஓடி, நின்று, இரண்டு மூன்று விநாடி கழித்து மறுபடி புறப்படுகிறது என்றீர்கள். மல்டிமீட்டரில் போடும் சின்னச் செவ்வக 9 வோல்ட் பேட்டரியில்தான் மோட்டாரையும் வண்டியின் மூளையான ஆர்டுயினோ போர்டையும் சேர்த்து ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பேட்டரிக்குள் தடை அதிகம். பி.ஓ. மோட்டார் என்று கடையில் விற்கும் அந்த மஞ்சள் நிறச் சின்ன மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நொடியில் வோல்ட் விழுகிறது, போர்டு செத்துப் பிழைக்கிறது, உள்ளே இருக்கும் புரோகிராம் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. பிள்ளைகள் புரோகிராமில் தப்பு தேடி இரண்டு வாரம் வீணாக்குவார்கள். மோட்டார் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 9 என்று காட்டியது 5, 4 என்று விழுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை மறக்கமாட்டார்கள்.

தீர்வு, 18650 என்று எண் போட்ட லித்தியம் செல் இரண்டை வரிசையில் கோர்ப்பது. ஒன்று 3.7 வோல்ட், இரண்டும் சேர்ந்து 7.4. முழுதாகச் சார்ஜ் ஆனால் ஒவ்வொன்றும் 4.2. போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும் எல்298என் என்ற மோட்டார் டிரைவர் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். மிச்சம் வருவது அந்த மோட்டாருக்குப் போதும். டிரைவரின் கிரவுண்டும் (எதிர்முனை) போர்டின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வயரை விட்டுவிட்டு "சென்சார் கெட்டுப்போச்சு சார்" என்று வரும் பிள்ளைகளை வருஷத்துக்கு நாலு பேராவது பார்ப்பேன். லித்தியம் செல்லில் விளையாட்டு கூடாது. பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லை வாங்குங்கள், பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்ததைப் போடாதீர்கள், யாரும் பார்த்துக்கொள்ளாமல் இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். எவர்சில்வர் டப்பாவில் செல்லை வைக்க வேண்டாம், முனைகள் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் டப்பாதான் வேண்டும், எலி கடிக்காத கனத்தில்.

கோட்டைப் பார்க்கும் சென்சாரிலும் நம் ஊர் வெயில் வேலை காட்டும். அது அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கிறது. சூரிய ஒளியிலும் அதே அகச்சிவப்பு இருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, மேற்கு ஜன்னல் வழியே வெயில் விழும் மூன்று மணிக்குத் தறிகெட்டு ஓடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரில் பாவாடை மாதிரி ஒரு மறைப்பு ஒட்டுங்கள். அதோடு, எந்த இடத்தில் ஓட்டப்போகிறோமோ அந்த இடத்திலேயே வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்று படித்து நடுவை எடுக்கப் பழக்குங்கள். சென்சாரை இணைக்கும் போர்டின் அனலாக் முனையில் 0 முதல் 1023 வரை எண் வரும். எங்கள் சென்சாரில் வெள்ளை 90, கறுப்பு 790 என்று வந்தால் நடு 440. போட்டி அரங்கில் விளக்கு வேறு, தரை வேறு. வீட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோகும் அணிகள்தான் முதல் சுற்றிலேயே நிற்கும். டிராக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதாகப் பார்த்து வாங்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் போதும், சுருட்டி மூலையில் வைத்துவிடலாம்.

வண்டி திரும்புவதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எப்போதும் திருவாரூர்த் தேரில் ஆரம்பிப்பேன். ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள், மறு பக்கம் நகரும், தேர் கட்டை கொடுத்த பக்கமாகத் திரும்பும். நம் வண்டியிலும் இடது மோட்டாரை நிறுத்தி வலதை ஓடவிட்டால் இடது பக்கம் திரும்பும் என்பேன். ஒரு தடவை ஒரு பையன், "டிராக்டர்ல சேத்துல ஒத்த பிரேக்க மிதிச்சுத் திருப்புவாங்களே, அதானே சார்?" என்றான். அவன் அப்பா உழவுக்கு டிராக்டர் ஓட்டுபவர். அன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை அவன்தான் எடுத்தான், என்னைவிட நன்றாக. கோடிங்கிலும் இப்படித்தான். "கறுப்பு தெரிந்தால் நில், தெரியாவிட்டால் போ" என்று முதலில் தமிழில் வாயால் சொல்லவையுங்கள். நோட்டில் எழுதட்டும். அப்புறம் ஆங்கிலச் சொல்லைப் போடட்டும். புரோகிராமின் ஓரத்தில் எழுதும் குறிப்புகளைத் தமிழிலேயே அடிக்கலாம், ஆர்டுயினோ மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். அடுத்த வருஷம் அதைத் திறக்கும் பிள்ளைக்குத் தன் அக்கா என்ன நினைத்தாள் என்று தெரியும்.

இதையொட்டியே நோட்டு. இது கட்டாயம். 200 பக்க நீள நோட்டு ஒன்று, அணிக்குப் பொதுவாக. தேதி, என்ன முயன்றோம், என்ன ஆனது, யார் செய்தது, அடுத்து என்ன. பரிசு வாங்கியதை எழுத வேண்டிய அவசியம் இல்லை, தோற்றதை எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பக்கத்தில், வலது சக்கரம் மட்டும் பின்னால் ஓடுவதை ஒரு பெண் கண்டுபிடித்ததைப் படம் போட்டு வைத்திருக்கிறாள். மோட்டாரின் இரண்டு வயரும் ஒரே நிறத்தில் இருந்ததால் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது. இனிமேல் நேர்முனை வயரில் இந்தப் பொட்டு வைப்போம் என்று கீழே எழுதியிருக்கிறாள். அவள் பள்ளி முடித்துப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதும் எங்கள் வண்டிகளில் நேர்முனை வயருக்குச் சிவப்புப் பொட்டு உண்டு.

சரி, ஒன்றரை லட்சம். முழுவதையும் ஒரே கிட்டில் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் கிட்டை நம்பி அணியைக் கட்டினால், அந்தக் கம்பெனி நிறுத்தும் நாளில் நாமும் நிற்போம். பொம்மைக் கம்பெனி லீகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட் 1998இலிருந்து உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருந்தது. 2022 கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதில் ஒரு பல்சக்கரம் தொலைந்தால் திருத்துறைப்பூண்டியில் எந்தக் கடையில் வாங்குவீர்கள்? இன்னொரு சிக்கலும் உண்டு. விலை உயர்ந்த பொருள் வந்ததும் பொறுப்பாசிரியருக்குப் பயம் வரும். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அப்படி ஓர் ஆய்வகம் வாங்கிய பள்ளி ஒன்றுக்கு நான் போனபோது, அறையைத் திறக்கச் சாவி தேடவே அரை மணி நேரம் ஆனது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பிள்ளைகள் கையில் எதையும் கொடுக்கவில்லை. அந்த ஆசிரியரை நான் குற்றம் சொல்லமாட்டேன். உடைந்தால் நூறு ரூபாய் என்றால் கொடுத்திருப்பார்.

ஆர்டுயினோ ஊனோ மாதிரி போர்டு, இரண்டு மோட்டார், சக்கரம், டிரைவர், சென்சார், செல், செல் ஹோல்டர் எல்லாம் சேர்த்து ஒரு வண்டி 2,000 ரூபாய்க்குள் முடியும். ஊனோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் அதே மாதிரி போர்டை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அதனால்தான் விலை குறைவு. எட்டு வண்டிக்கு 16,000. சால்டரிங் அயர்ன் ஆறு, மல்டிமீட்டர் நாலு, ஹேண்ட் டிரில் ஒன்று, நல்ல சார்ஜர்கள், பூட்டுள்ள மரப்பெட்டி, உதிரிப்பாகம் என்று இன்னொரு 20,000 வைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தொடாதீர்கள். பணம் தருபவரிடம், "ஒரே தடவையாக வேண்டாம் தம்பி, மூன்று வருஷத்துக்கு வருஷம் 50,000 கொடுங்கள்" என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கு வழியாகவோ, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகவோ வரட்டும், பில் எல்லாம் கோப்பில் இருக்கட்டும். உங்களுக்கு மாறுதல் வந்தாலும் அடுத்து வரும் ஆசிரியருக்குக் கணக்குத் தெளிவாக இருக்கும்.

பணத்தைவிட உங்களுக்கு வேண்டியது ஆள். 1989இல் டீன் கேமன் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை ஆரம்பித்தார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி ஜிம்மில் அதன் முதல் போட்டியை 28 அணிகளோடு நடத்தினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அந்தப் போட்டியில் ஆரம்பத்திலிருந்தே ஒரு விஷயம் உண்டு: பள்ளிப் பிள்ளைகளோடு பக்கத்துக் கம்பெனி இன்ஜினியர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். நம் டெல்டாவில் அப்படிக் கம்பெனிகள் கிடையாது, உழவுதான். ஆனால் கை வேலை தெரிந்த ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை உங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு சால்டர் வைக்கச் சொல்லிக்கொடுத்தது அப்படி ஒரு கடைக்காரர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முதல் நாள் வந்தவர் பிள்ளைகள் வைத்த சால்டரை நகத்தால் சுரண்டினார், உதிர்ந்து விழுந்தது. "ஈயத்த சூடு பண்ணக்கூடாது, கம்பிய சூடு பண்ணு. கம்பி சூடானா ஈயம் தானா ஓடும்" என்றார். முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் நான் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார். செல்போன் ரிப்பேர் கடைத் தம்பி, வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, தச்சர் என்று நாலு பேரைப் பிடியுங்கள். மாதம் ஒரு நாள் வந்தால் போதும். அவர்களை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்யுங்கள், பிள்ளைகள் முன்னால் ஐயா என்று கூப்பிடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியது. உங்கள் பக்கத்தில் அது என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அணியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காயில் கடைக்காரரும் நாலு பிள்ளைகளும் வண்டிகளில் இருந்த செல்லைக் கழற்றி, தெருவில் யாரோ வைத்திருந்த ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி, எல்.இ.டி. கோர்த்துக் கைவிளக்கு செய்துகொண்டிருந்தார்கள். பதினான்கு விளக்கு. யாரும் அவர்களிடம் செய்யச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் "இதெல்லாம் எதுக்கு" என்று ஒருவரும் கேட்கவில்லை.

போட்டி பற்றி நான் சொல்வதில் பாதி கணிப்பு என்று முன்பே சொன்னேன். உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் ஆரம்பித்தது. 2016இல் அதன் உலகப் போட்டியே டெல்லியில் நடந்தது. அதில் ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள்தான். நாற்பது பேர் உள்ள இடத்தில் இது ஒரு வசதி, மூன்று மூன்று பேராகப் பல அணிகள் பிரியலாம். அதில் 'ஃப்யூச்சர் இன்ஜினியர்ஸ்' என்ற பிரிவில் தானே ஓடும் கார் செய்ய வேண்டும். எந்தக் கம்பெனிப் பாகத்தையும் போடலாம், செய்த விதத்தை எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். நோட்டு எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு 14 வயது ஆக வேண்டும், இரண்டு வருஷம் கழித்து யோசியுங்கள். முன்பு சொன்ன ஃபர்ஸ்ட் அமைப்பின் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற போட்டியில் ரோபோ ஆரம்பத்தில் 18 அங்குலக் கன சதுரத்துக்குள் அடங்க வேண்டும், இரண்டு இரண்டு அணிகளாகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவார்கள், முதல் 30 விநாடி ரோபோ தானாக இயங்க வேண்டும். ஆட்டம் அழகு. ஆனால் பதிவு, பாகங்கள், பயணம் எல்லாம் சேர்ந்தால் செலவு லட்சங்களில் போகும். உங்கள் மூன்று வருஷப் பணத்தை ஒரே சீசன் முடித்துவிடும். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த வருஷத்துக்கு உள்ளூர்ப் போட்டி ஒன்றை நீங்களே நடத்துங்கள் என்பேன். பக்கத்துப் பள்ளிகள் மூன்றைக் கூப்பிடுங்கள், உங்கள் ஃப்ளெக்ஸ் டிராக் போதும். அவர்களிடம் வண்டி இல்லையென்றால் உங்கள் எட்டில் இரண்டை ஒரு மாதம் இரவல் கொடுங்கள், சொல்லிக்கொடுக்க இரண்டு பிள்ளைகளை அனுப்புங்கள். காலம் பார்த்து வையுங்கள். ஜூலையிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை கை பழகும் வகுப்பும் வண்டி கட்டுவதும். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கரண்ட்டும் நிலையாக இருக்காது; அந்த இரண்டு மாதமும் அறைக்குள் உட்கார்ந்து கோடிங், நோட்டு. டிசம்பர் அரையாண்டு. பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுப்பு, நிறையப் பிள்ளைகள் களத்துக்குப் போவார்கள். அதனால் போட்டியைச் செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை வைப்பதே நல்லது. பிப்ரவரியில் வண்டிகளைப் பிரித்துத் துடைத்து, செல்லைக் கழற்றி, பெட்டியில் பூட்டும் வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஜூனில் அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது அவர்கள்தான். சாவி ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களில் ஒருவரிடம்.